கடைசி வரிசையில் அக்கா

எப்போதும் ஓடிவந்து பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும் வக்கீல், அன்று எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த சாக்லேட் பெட்டியை அக்கா மடியிலேயே வைத்திருந்தாள். நீட்டக் கை வரவில்லை.

விடுதியில் யார் தட்டில் சோறு குறைந்தாலும், யாருடைய செருப்பு காணாமல் போனாலும், வார்டனிடம் நியாயம் கேட்கப் போகிறவள் என்பதால் அந்தச் சிறுமிக்கு வக்கீல் என்று பெயர். ஊரார் வழக்கையெல்லாம் ஜெயித்தவளுக்குத் தன் வழக்கில் மட்டும் தீர்ப்பு வரவில்லை. தம்பிக்கு ஏழு வயது முடிந்ததும் பையன்கள் விடுதிக்கு, வேறு ஊருக்கு, அனுப்பிவிட்டார்கள். அரசாங்க விதி அப்படியாம். இவளுடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டால்தான் அந்தப் பயலுக்குத் தூக்கம் வரும். அங்கே எதைப் பிடித்துக்கொண்டு தூங்குகிறான் என்பதுதான் அவளுடைய கேள்வி. இவ்வளவு பெரிய அரசாங்கத்தில் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இல்லை.

அவள் அக்கா என்று கூப்பிடும் இந்தப் பெண்மணி ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்ப்பவள். குழந்தைகளைப் பேசவைப்பதுதான் வேலை. பிள்ளை பேசும்போது குறுக்கே பேசக்கூடாது. கண்ணைப் பார்த்து மெல்லத் தலையாட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அது அடுத்த வார்த்தையை எடுக்கும். பயிற்சியில் கற்றது நாளாவட்டத்தில் ரத்தத்தில் ஊறிவிட்டது. காய்கறிக்காரர் விலை சொன்னாலும் தலையாட்டுவாள். அலுவலகத்தில் பூம்பூம் மாடு என்று கேலி செய்வார்கள். அதற்கும் ஆட்டிவிட்டுச் சிரிப்பாள்.

ஒவ்வொரு நாடும் தன் குழந்தைகளை எப்படி நடத்துகிறது என்று பன்னாட்டுக் குழு ஒன்று சில வருடங்களுக்கு ஒருமுறை கூப்பிட்டு விசாரிக்கும். அரசு ஓர் அறிக்கை கொடுக்கும். அதில் விட்டுப்போனதை, அல்லது விடப்பட்டதை, தொண்டு நிறுவனங்கள் சேர்ந்து இன்னோர் அறிக்கையாகக் கொடுக்கும். வக்கீல் சொன்னதை அக்கா அதில் எழுதினாள். அந்த விசாரணைக்குக் கிளம்பும் முன் வாய் சும்மா இராமல், "நேரலையில காட்டுவாங்க. உன் விஷயம் வரும், பாரு" என்றும் சொல்லிவைத்தாள். தொண்டு நிறுவனத்தார் கடைசி வரிசையில் உட்காரலாம், கேட்கலாம், வாய் திறக்கக் கூடாது என்பதைச் சொல்ல மட்டும் மறந்துபோனாள். அவளுக்கு அது பழகிப்போன விஷயம்.

"உங்களப் பாத்தோம்" என்றாள் வக்கீல். "எல்லாரும் ஹாலில உக்காந்து பாத்தோம். வார்டன் அம்மா டிவியில போட்டு விட்டாங்க."

"அப்ப கேள்வி கேட்டாங்களே, பாத்தியா? அது உன் கேள்விதான்."

"கேட்டாங்க." சிறுமி தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம பெரிய ஆபீசர் மைக்கப் பிடிச்சு, எங்க நாட்டுல அக்கா தம்பிய யாரும் பிரிக்கிறதில்ல, எல்லாம் ஒண்ணாத்தான் இருக்காங்கன்னு சொன்னாரு. நீங்க அவருக்குப் பின்னாடிதான் இருந்தீங்க." இன்னும் நகத்தையே பார்த்தாள். "தலையாட்டினீங்க."

அக்காவுக்கு அது நினைவில் இல்லை. ஆட்டியிருப்பாள். அந்தப் பொய்யைக் கேட்டு வயிறு எரிய, ஒரு வார்த்தை விடாமல் குறித்துக்கொண்டுதான் இருந்தாள். வயிறு எரிவது கேமராவில் தெரியாது, தலை ஆடுவது தெரியும். இடைவேளையில் குழு உறுப்பினர் ஒருவரைத் தாழ்வாரத்தில் மடக்கி, அது உண்மையில்லை என்று சொன்னாள். மறுநாள் அவர் மீண்டும் கேட்டார். எழுத்தில் பதில் தருகிறோம் என்று அதிகாரி நழுவினார். இதையெல்லாம் இப்போது சிறுமியிடம் சொன்னாள். சொல்லச் சொல்லத் தன் காதுக்கே அது சாக்குப்போக்காகக் கேட்டது.

"அது பழக்கம்டா. யார் பேசினாலும் எனக்குத் தலை ஆடிரும். அவர் சொன்னது சரின்னு ஆட்டல."

வக்கீல் முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் பேசும்போதும் அப்படித்தான் ஆட்டினீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு பிள்ளை முன்னால் இப்படிக் கூனிக்குறுகி அவள் உட்கார்ந்ததே இல்லை. பெட்டியை மேஜைமேல் வைத்தாள். அது அங்கேயே இருந்தது.

"லீவுல தம்பியப் பாக்கக் கூட்டிட்டுப் போக அனுமதி கேட்டிருக்கேன்" என்றாள் அக்கா.

வக்கீல் எந்தச் சட்டம், எந்தத் தேதி, யார் கையெழுத்து என்று குடையவில்லை.

"கிடைச்சிரும். விடமாட்டேன் நான்" என்றாள் அக்கா மறுபடியும்.

சிறுமியின் கை மடியில் தன் சட்டை நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தது. அக்காவின் கண்ணைப் பார்த்தபடி, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், அவள் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.