நாங்க ரெண்டு பேரும்

என் அண்ணன் என்னை வேலையிலிருந்து தூக்குவதற்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தான். தூக்கப்படப் போவது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. "இதை எழுதினவன் எவனோ ஒரு அரைவேக்காடு" என்று அவன் போனில் யாரிடமோ பொரிந்துகொண்டிருந்தபோது, அந்த அரைவேக்காடு பக்கத்து அறையில் அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தது. கோபத்தில் காலரைக் கொஞ்சம் அதிகமாகவே அழுத்திவிட்டேன்.

வீடியோ கேம்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது என் வேலை. எந்த விளையாட்டு என்று வெளியே மூச்சு விடக் கூடாதென்று சேரும்போதே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். அதனால் வீட்டைப் பொறுத்தவரை நான் ஏதோ ஒரு வங்கிச் செயலிக்கு, 'சற்று நேரம் கழித்து மீண்டும் முயலவும்' மாதிரி உயிரில்லாத வாக்கியங்களை எழுதுகிறவள். அண்ணன் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரியான வேலையா அது?

அவன் உயிரை விடுகிற விளையாட்டின் இரண்டாம் பாகம் என் கைக்கு வந்தது என் கெட்ட நேரம். கதை எளிமையானதுதான். ஒரு சுரங்கம் இடிந்துபோகிறது. உள்ளே வேலை செய்தவர்கள் மொத்தமும் செத்துப்போகிறார்கள், அவர்களுக்குத் தலைவியாக இருந்த ஒருத்தியைத் தவிர. ரசிகர்கள் அவளை மேஸ்திரி என்பார்கள். விளையாடுகிறவர், தவறி உள்ளே விழுந்த ஒரு வெளியாள். அந்த ஆளை மேஸ்திரி மேலே கொண்டுவர வேண்டும். முதல் பாகம் முழுக்க அவள் அவரிடம், "நாங்க வெளிய போயிடுவோம்", "நாங்க இங்க சாக மாட்டோம்" என்றுதான் பேசுகிறாள். ஒரு தடவைகூட "நாம" என்று சொல்வதில்லை.

அந்த ஒரு சொல்லில்தான் தமிழ் ரசிகர்கள் விழுந்தார்கள். எதிரே உயிரோடு நிற்கிறவரை அவள் சேர்த்துக்கொள்ளவில்லை, செத்தவர்களோடு சேர்ந்துதான் இன்னும் நடக்கிறாள் என்று புரிந்துகொண்டார்கள். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக் காலம் தள்ளுகிற மொழிகளில் விளையாடியவர்களுக்கு அவள் வெறும் சிடுமூஞ்சி. தமிழில் மட்டும் அவள் துக்கக்காரி ஆகிவிட்டாள். அவளுடைய குணத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளினார்கள். அதில் பாதி என் அண்ணன் எழுதியது.

உண்மை என்னவென்றால் அது ஒரு பிழை. முதல் பாகத்தை மொழிபெயர்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பிழைதிருத்துநர். படம் எதுவும் காட்டாமல் வசனத்தை மட்டும் துண்டு துண்டாக அனுப்பியிருக்கிறார்கள். யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. "நாங்கன்னு போட்டா கொஞ்சம் மரியாதையா இருக்கும்னு போட்டேம்மா" என்று என்னிடம் வெள்ளந்தியாகச் சொன்னார். நான் இரண்டாம் பாகத்தில் அதைச் சரிசெய்தேன். முன்னோட்டக் காட்சியில் மேஸ்திரி திரும்பிப் பார்த்து, "நாம தப்பிச்சிடலாம்" என்றாள். அவ்வளவுதான், ரசிகர்கள் 'நாங்க' கட்சி, 'நாம' கட்சி என்று இரண்டாகப் பிளந்து அடித்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். 'நாங்க' கட்சிக்கு அண்ணன் தலைவன். அவனுடைய ஒரே கோரிக்கை, அந்த வசனத்தை எழுதிய ஆளை மாற்ற வேண்டும்.

இதில் சிரிக்க நிறைய இருந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணி இறந்ததிலிருந்து நான் அண்ணனோடுதான் இருக்கிறேன். அண்ணி படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியது இந்த விளையாட்டைத்தான். அவளுக்குக் கை ஓய்ந்துபோனால் இவன் வாங்கி விளையாடுவான், வழி சொல்வது அவள். அவள் போன பிறகும் அவன், "நாங்க காப்பிக்குச் சர்க்கரை போடறதில்ல" என்பான். "ஞாயித்துக்கிழமைன்னா நாங்க கொஞ்சம் லேட்டாத்தான் எந்திரிப்போம்" என்பான். வீட்டில் இருப்பது அவனும் நானும். நான் விடியும்போதே எழுந்துவிடுகிறவள், சர்க்கரையும் அள்ளித்தான் போடுவேன். முதலில் எரிச்சலாக இருந்தது. யாரைச் சொல்கிறான் என்று பிறகுதான் புரிந்தது. நான் அதைப் பற்றி வாய் திறக்கவே இல்லை.

எதிர்ப்பு வலுத்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். ரசிகர்கள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூட்டம் போடுகிறார்கள், நிறுவனத்தின் சார்பில் நீயே போய் அது பிழை என்று சொல்லிவிடு என்றார். பிழை என்று தெரிந்துவிட்டால் சண்டைக்கு வேலையில்லை, என் வசனமும் நிற்கும், நானும் நிற்பேன். தெரிந்தேதான் அப்படி எழுதினார்கள் என்று ரசிகர்கள் நம்பிவிட்டால் இரண்டாம் பாகம் முழுவதையும் 'நாங்க' என்று மாற்றிக் குரல் பதிவை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார். அந்த 'யாராவது' யார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டிலேயே அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்க அவன் பின்னாலேயே சுற்றினேன். பல் செட் செய்கிற லேபில் அவனுக்கு வேலை. அன்றைக்கு ஒரு கிழவருடைய மேல்வரிசைப் பல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். விரலெல்லாம் வெள்ளைத் தூள். நான் போய் நின்றதும், "நாளைக்குக் கூட்டத்துக்கு நாங்க போறோம், சமைச்சு வெக்காதே" என்றான். சரி என்று அடுப்படிக்குத் திரும்பிவிட்டேன்.

கூட்டம் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில். வெள்ளைப் பலகையில் யாரோ பாதி அழித்த கணக்கு அப்படியே இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பிச் சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். அண்ணன் முன்னால் மார்க்கரோடு நின்றிருந்தான். நான் உள்ளே நுழைந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன, வீட்டுச் சாவியை மறந்துட்டியா?" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் கம்பெனியிலிருந்து வந்திருக்கேன்" என்றேன். "ரெண்டாம் பாகத்துக்கு வசனம் நான்தான்."

அண்ணன் மார்க்கரின் மூடியைப் போட்டான், திறந்தான், மறுபடி போட்டான். அவன் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், பிறந்ததிலிருந்து அதில் எங்களுக்கு நல்ல பழக்கம் உண்டு. அவன் கத்தவில்லை. முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றான். பிறந்ததிலிருந்து என்னை 'நீ', 'வாடி', 'போடி' என்று மட்டுமே பேசிய வாய் அது. அந்த மரியாதை சுளீரென்று பட்டது.

'நாம' கட்சியின் சார்பில் கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற ஒரு பெண் எழுந்தாள். விடாமல் வாதாடுவதால் எல்லோரும் அவளை வக்கீல் என்றார்கள். மனுஷி எவ்வளவு நாளைக்குத்தான் செத்தவர்களோடு குடித்தனம் பண்ணுவாள், அவளை வாழ விடுங்கள் என்றாள். மாறட்டும், ஆனால் மாறுவதற்கு ஒரு காரணம் வேண்டாமா, முதல் காட்சியிலேயே ஒட்டிக்கொள்ள அவள் என்ன ஸ்டிக்கரா என்று பின்னாலிருந்து பதில் வந்தது. சமாதானம் பேச வந்த ஒருவர், இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டு வெறுமனே "போயிடுவோம்" என்று வைத்தால் இரண்டு கட்சிக்கும் பொருந்துமே என்றார். இரண்டு கட்சியும் சேர்ந்து அவரை உட்காரவைத்தன. நான் வியர்த்து வழிந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் வக்கீல் கயிற்றுக் காட்சியை எடுத்தாள். முதல் பாகத்தின் கடைசியில் மேலே போக ஒரே ஒரு கயிறு இருக்கும். மேஸ்திரி எதிரே நிற்கிறவரைப் பார்த்து, "நாங்க ரெண்டு பேரும் ஏறினா கயிறு தாங்காது" என்பாள்.

"ரெண்டு பேர்னா யாரு?" என்றாள் வக்கீல். "உள்ள உசுரோட இருக்கிறதே ரெண்டு பேர். அவ, அவளுக்கு எதிர்ல நிக்கிற ஆள். அப்ப அது 'நாம'ன்னுதானே வரணும்? ஒத்துக்குங்க, இது எழுதினவங்க பண்ணின தப்பு. ஒரு தப்பைக் கட்டிக்கிட்டு இவ்வளவு நாளா அழுதிருக்கோம்."

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவன் அவசரப்படவில்லை.

"அவளும், உள்ள செத்துப்போன அவ புருஷனும்" என்றான். "அவன் ஹெல்மெட்டை அவ இடுப்புல கட்டித் தூக்கிக்கிட்டு வர்றா. அந்த கனத்தோட ஏறினா கயிறு தாங்காதுங்கறா. அதைக் கழட்டி வெக்க அவளுக்கு மனசு வரல. அதான் ரெண்டு பேர்."

வக்கீல்கூட உட்கார்ந்துவிட்டாள். நான் இந்த விளையாட்டின் ஒவ்வொரு வரியையும் படித்தவள், அந்த ஹெல்மெட்டை யோசித்ததே இல்லை. அதை வரைந்தவரும் யோசித்திருக்க மாட்டார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினான். கேள்வி ஒன்றுதான் என்றான். "முதல் பாகத்துல 'நாங்க'ன்னு எழுதினது தெரிஞ்சா, தெரியாமலா? உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். சொல்லுங்க."

பதில் என் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தெரியாமல். ஒரே ஒரு சொல், என் வேலை நிற்கும். ஆனால் அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டருடைய வாயைப் பார்த்து நின்றானே, அதே முகம். இந்தச் சொல்லையும் பிடுங்கிவிட்டால் அவனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று தோன்றியது. மேலாளரும் வேலையும் நாசமாய்ப் போகட்டும் என்று தோன்றியது.

"தெரிஞ்சேதான்" என்றேன். "அவ செத்தவங்களோடதான் இருக்கான்னு காட்டறதுக்காகத்தான் அப்படி எழுதினாங்க. அதை மாத்தினது என் தப்பு."

'நாங்க' கட்சி கைதட்டி மாடியைக் கிடுகிடுக்க வைத்தது. சமாதானக்காரர்கூடத் தட்டினார். வக்கீல் பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள். கூட்டத்தை யாரோ போனில் நேரலையாக விட்டிருக்கிறார்கள், முடிவதற்குள்ளேயே மேலாளரின் அழைப்பு வந்தது. நாளையிலிருந்து நான் வர வேண்டாம், என் பொருட்களைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். சரி சார் என்றேன். பயத்தைவிடப் பெருமைதான் அதிகமாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்காக ஒன்று செய்துவிட்டேன் என்று நிமிர்ந்துதான் படி இறங்கினேன்.

அவன் கீழே, பூட்டியிருந்த ஒரு செருப்புக் கடை வாசலில் நின்றிருந்தான். கட்டிப்பிடிப்பான் என்று எதிர்பார்க்கவில்லை, எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஒரு சிரிப்பாவது சிரிப்பான் என்று நினைத்தேன்.

"உங்க அண்ணி மொத நாளே சிரிச்சா" என்றான். "அந்தக் கயிறு வசனம் வந்தப்ப. 'எழுதினவருக்குத் தூக்கக் கலக்கம் போல, நாம எது நாங்க எது தெரியல'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சா. இருமல் வந்து, புடிச்சு உக்கார வெச்சேன்."

அப்படியென்றால் உனக்கு அது தப்பு என்று முதலிலிருந்தே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றான். அவள் இருந்தவரை அது அவர்களுக்கு ஒரு வேடிக்கை. காப்பி கொடுக்கும்போது, மாத்திரை கொடுக்கும்போது எல்லாம் வேண்டுமென்றே 'நாங்க' என்று மாற்றிப் பேசிச் சிரித்துக்கொள்வார்களாம். அவள் போன பிறகு இவனால் அதை நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பானாம். வாய் திறந்தால் அதுதான் வருமாம்.

"எழுதின எடத்துலேருந்து யாராவது வந்து, என் மூஞ்சிக்கு நேரா இது தப்புதான், அப்படி ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லிட்டா, நானும் விட்டுடலாம்னு பார்த்தேன்" என்றான். "அதுக்குத்தான் இவ்வளவு கத்தினேன். யாராச்சும் வருவாங்கன்னு. வந்தது நீ."

மாடியில் அவன் முகத்தில் நான் பார்த்தது பயம் இல்லை. அவன் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். கூடப் பிறந்தவளுக்கு அதுகூடத் தெரியவில்லை.

"அது தப்புதான், அண்ணா" என்றேன். அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "எழுதினவர் தெரியாமத்தான் போட்டார். மரியாதைக்குப் போட்டாராம். என்கிட்டயே சொன்னார். சத்தியமா."

அண்ணன், சின்ன வயதில் நான் வீட்டுப்பாடத்தைப் பற்றிப் புளுகும்போது சிரிப்பானே, அப்படிச் சிரித்தான்.

"இப்ப எனக்காகச் சொல்ற."

"மாடியில சொன்னதுதான் உனக்காகச் சொன்னது. இது நிஜம்."

"அது எனக்கு எப்படிடி தெரியும்?"

நான் மறுபடி மறுபடி சத்தியம் செய்தேன். சொல்லச் சொல்ல அது பொய்யாகவே ஆகிக்கொண்டிருந்தது. அவன் என் கையை மெதுவாக விடுவித்தான். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வேலை போச்சுன்னு கவலைப்படாதே, பார்த்துக்கலாம்" என்றான். தெருவில் இறங்கி நடந்தவன், சற்றுத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தான்.

"நீ வீட்டுக்குப் போ. நாங்க கொஞ்சம் நடந்துட்டு வரோம்."