காலை மிதிக்க ஒரு ஆள்

வீட்டு விலையை நாங்கள் நூறு என்று வைத்துத்தான் பேசுவோம். உண்மையான தொகை எதுவாக இருந்தாலும் தரகர்களுக்கு அது நூறு. முன்பெல்லாம் விற்கிறவர் அந்த நூறில் ஐந்தைக் கமிஷனாக எடுத்து வைப்பார். அவருடைய தரகருக்குப் பாதி, வாங்குகிறவரைக் கூட்டி வரும் தரகருக்குப் பாதி. வாங்குகிறவர் சட்டைப்பையில் கைவிட வேண்டியதில்லை. தனக்கு இலவசமாக ஒரு ஆள் கிடைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வருவார்.

போன வருடம் கமிஷன் விதி மாறியது. அவரவர் தரகருக்கு அவரவர்தான் கூலி. வாங்குகிறவர் எந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னாலும் தன் தரகரோடு ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். எவ்வளவு கொடுக்கப்போகிறார் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வங்கி வீட்டுக்குக் கடன் கொடுக்கும், தரகர் கூலிக்குக் கொடுக்காது. கையில் ரொக்கமாக இருப்பவர் கொடுக்கலாம். இல்லாதவர் தரகரே வேண்டாம் என்று தனியாக வரலாம்.

நான் விற்கிறவர்கள் பக்கம். இருபத்திரண்டு வருடமாக அதே பக்கம். விதி மாறியதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை, என்னுடைய இரண்டரை அப்படியே இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில்தான் ஆட்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள்.

அவர்களில் ஒருவருக்கு நாங்கள் வைத்த பெயர் முட்டுக்கட்டை. வாங்குகிறவர்களின் தரகர். எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுவார், ஜன்னல்களை மூன்று முறை மூடித் திறப்பார், அலமாரியை நகர்த்தச் சொல்லிப் பின்சுவரை முகர்ந்து பார்ப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கூட வந்தவர் மனம் குளிர்ந்துபோய், "இதேமாதிரி வீட்டைத்தான் ரெண்டு வருஷமா..." என்று ஆரம்பித்தால், பக்கத்தில் நகர்ந்து நின்று அவர் காலை மிதிப்பார். தடித்த அடி வைத்த தோல் செருப்பு. பேச்சு 'ஆ' என்று பாதியில் நின்றுவிடும்.

ஒருமுறை கேட்டேன், ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று.

"வாயை மூடுங்கன்னு சொன்னா கோவிச்சுக்குவாங்க. காலை மிதிச்சா ஸாரி சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார்.

விதி மாறிய நான்காம் மாதம் அவர் ஒரு மெத்தைக் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். ஒழிந்தது சனியன் என்று இருந்தது எனக்கு. அதை மறைப்பானேன்.

ஒரு தையல்காரரின் வீடு என் கைக்கு வந்தது அந்தச் சமயத்தில்தான். மனைவி காலமான பிறகு மகள் இருக்கும் பக்கம் போய்விடலாம் என்று முடிவு செய்திருந்தார். ஒரே தளம், இரண்டு படுக்கையறை, பின்னால் துணி காயப்போட இடம், வாசலில் நாலு படி. "வாங்கறவங்க தரகருக்கு நான் ஒண்ணும் குடுக்க வேண்டாம் இல்ல?" என்று என்னிடம் மூன்று முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். மிச்சமாகும் இரண்டரையில் கடைக்கு ஒரு புது எம்ப்ராய்டரி மெஷின் அன்றே சொல்லிவிட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பேருந்து ஓட்டுநர் ஒருவர் வீட்டைப் பார்க்க வந்தார். பணி உடுப்போடு தனியாக வந்திருந்தார். கையில் முழ நீளத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒரு குச்சி. தரகர் எங்கே என்றேன்.

"எதுக்கு மேடம்? அதான் நீங்க இருக்கீங்களே."

தனியாக வருகிறவர்களுக்கென்று ஒரு தாள் வைத்திருக்கிறோம். வீட்டைக் காட்டுகிறவர் விற்கிறவரின் ஆள், நீங்கள் சொல்வது எல்லாம் விற்கிறவருக்குச் சொல்லப்படும் என்று தடித்த எழுத்தில் இருக்கும். நீட்டினேன்.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடுங்க."

"படிச்சு என்ன ஆகப்போகுது? உங்க முகத்தைப் பார்த்தாலே தெரியுது." தபால் பெட்டியின் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனாவைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார்.

குச்சி எதற்கென்று உள்ளே போன பிறகு தெரிந்தது. ஒவ்வொரு வாசலிலும் அதைக் குறுக்கே பிடித்துப் பார்த்தார். கூடத்து வாசலில் நுழைந்தது, படுக்கையறையில் நுழைந்தது. குளியலறையில் இரண்டு விரற்கடை இடித்தது.

"அக்காவோட வீல்சேர் அகலம் மேடம், அளந்து வெட்டினது" என்றார். அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது.

அவருடைய அக்காவுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. நாலு வருடமாகிறது. இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நாலு ஆள் சேர்ந்தால்தான் இறக்க முடியும். ஆஸ்பத்திரிக்குத் தவிர அந்த அம்மாள் வெளியே போனது இல்லை. அக்கா சம்பளத்தில்தான் இவர் லைசென்ஸ் எடுத்தார். அக்காவுக்குத் தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பதில் அவ்வளவு ஆசை. இப்போது ஜன்னல் வழியாகத் தெரிவது எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி.

"இதையெல்லாம் எங்கிட்ட சொல்லாதீங்க. நான் வீட்டுக்காரரோட ஆள்" என்றேன்.

"யாரோட ஆளா இருந்தா என்ன, மனுஷங்கதானே" என்று சிரித்தார். "இப்ப இருக்கிற வீட்டை அடுத்த மாசம் முடியறதுக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க மேடம். ரெண்டு வருஷத்துல முப்பத்தாறு வீடு பார்த்தாச்சு. இதுலதான் குச்சி இவ்வளவு தூரம் போயிருக்கு."

இந்த இடத்தில் முட்டுக்கட்டை மிதித்திருப்பார். எலும்பு முறிகிற மாதிரி மிதித்திருப்பார். ஓட்டுநரின் கறுப்பு ஷூ என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளித்தான் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நிறுத்தவில்லை. தொண்ணூற்றாறு கொடுப்பதாகச் சொன்னார். மிஞ்சிப்போனால் தொண்ணூற்றேழு வரை போகலாம், அதற்கு மேல் கையில் இருப்பது வாசலில் சாய்தளம் கட்டவும் குளியலறை வாசலை அகலப்படுத்தவும் வைத்திருக்கும் இரண்டு. தரகருக்கு இரண்டரை கேட்டார்களாம். "அதைக் குடுத்தா ரேம்ப் போச்சு. அதான் நானே வந்துட்டேன்" என்றார். அந்த இரண்டரையை விற்கிறவரே கொடுக்கட்டும் என்று பேரம் பேச இப்போதும் விதியில் இடம் உண்டு. முன்போல் அதை வீட்டு விளம்பரத்தில் போடக்கூடாது, அவ்வளவுதான். அவருக்கு அது தெரியாது. தெரிந்துவைத்துக்கொள்வதற்குத்தான் தரகர்.

மதியம் தையல்காரரின் கடைக்குப் போனேன். மேசையில் துணியை விரித்துச் சாக்குக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். முகம் சரியில்லை.

"பொண்ணு வீட்டுப் பக்கம் நான் பார்த்திருக்கிற ஃப்ளாட்டுக்கு என் தரகருக்கு நான்தான் குடுக்கணுமாமே" என்றார். "இந்த வீட்டு விலையை நூறுன்னு வச்சா ஏறக்குறைய ரெண்டு. விக்கும்போது மிச்சம்னு சந்தோஷப்பட்டேன். வாங்கும்போது பிடுங்கறாங்க. மெஷினுக்கு வேற அட்வான்ஸ் குடுத்துத் தொலைச்சிட்டேன்."

விற்கிறவராக இருந்தபோது இனித்த விதி வாங்குகிறவரானதும் கசந்துவிட்டது. தொண்ணூற்றாறு வந்திருக்கிறது என்றேன்.

"எவ்வளவு வரைக்கும் போவாங்க?"

"தொண்ணூத்தேழு."

அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "அவ்வளவுதானா கையில?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். மனிதர் நம்பியிருப்பார். சாய்தளப் பணம் வீட்டு விலைக்கென்று வைத்த பணம் இல்லை, அதை நான் பேச்சில் எடுக்காவிட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் கேட்டவர் என் கட்சிக்காரர். இருபத்திரண்டு வருடத்தில் என் கட்சிக்காரர் கேட்ட கேள்விக்கு நான் பாதிப் பதில் சொன்னது கிடையாது. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

"இன்னும் ரெண்டு இருக்கு. வாசல்ல ரேம்ப் கட்ட வச்சிருக்காங்க" என்றேன்.

தையல்காரர் கல்நெஞ்சுக்காரர் இல்லை. கொஞ்ச நேரம் துணியையே தடவிக்கொண்டிருந்தார். "பாவம்தான்" என்றார். பிறகு, "தொண்ணூத்தொம்பதுன்னு சொல்லிடுங்க. ரேம்ப்பைக் கொஞ்ச நாள் கழிச்சுக்கூடக் கட்டிக்கலாம். எனக்குப் பணம் இந்த மாசமே வேணும்" என்றார்.

கூடுதலாக வந்த அந்த இரண்டில் என் கமிஷன் ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கத்தான் காணும். பணத்துக்காகச் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஓட்டுநருக்குப் போன் செய்தேன். பின்னால் கேட்ட இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தித் தொண்ணூற்றொன்பது என்றேன். பேருந்து நிலையத்தில் இருந்தார்.

"குறைக்கவே மாட்டாரா மேடம்?"

"மாட்டார்."

"சரி. ரேம்ப்பை அப்புறம் பார்த்துக்கலாம். அக்கா கீழ வந்தா போதும்." பிறகு, "நீங்க எங்களுக்காக எவ்வளவோ பேசியிருப்பீங்க. ரொம்ப நன்றி" என்றார்.

போனை வைத்துவிட்டேன். அன்று முழுக்க யார் பேசினாலும் எரிந்து விழுந்தேன்.

சாவி கொடுக்கும் நாள் வந்தது. சாவியைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டுப் போயிருக்கலாம், பலமுறை அப்படிச் செய்திருக்கிறேன். நேரில் போனேன். வேன் வாசலில் நின்றது. நடைபாதையில் சக்கர நாற்காலி, அதில் அக்கா. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். மடியில் பூந்தொட்டி ஒன்று. கழுத்தைத் திருப்பித் திருப்பித் தெருவையே தின்றுவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சைக்கிள் போனால் அது மறையும்வரை பார்த்தார்.

தூக்க வந்திருந்தது ஓட்டுநரும் அவரோடு வேலை பார்க்கும் இரண்டு பேரும். நாலாவதாகக் கூலிக்குச் சொல்லியிருந்த ஆளுடைய வண்டி வழியில் நின்றுவிட்டதாம். ஓட்டுநரின் மனைவி கதவு சாத்திக்கொள்ளாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் பிடிக்கறேன்" என்று கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பின்பக்கத்து மூலையைப் பிடித்தேன்.

"மேடம், கனக்கும்" என்றார் ஓட்டுநர்.

"கனம் நான்தான், நாற்காலி இல்ல" என்றார் அக்கா. "நாலு வருஷமா உட்கார்ந்தே தின்னா வேற என்ன ஆகும்?"

நிஜமாகவே கனத்தது. இரண்டாவது படியில் தோள்பட்டை பிய்ந்துவிடும் போலிருந்தது. மூன்றாவது படியில், பக்கத்து மூலையைப் பிடித்திருந்த ஓட்டுநர் பின்னால் கால் வைத்தபோது முழுப் பாரத்தோடு என் காலை மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டேன். கூடத்தில் இறக்கிவைத்ததும், "ஸாரி மேடம், மிதிச்சிட்டேனா?" என்று பதறினார்.

அவர் மனைவி பெருமூச்சு விட்டார். "ரேம்ப் இருந்திருந்தா இவ்வளவு பாடு இல்ல. நாங்க அதுக்குன்னு வச்சிருந்த காசை அப்படியே எண்ணினாப்பல கேட்டாரு அந்த மனுஷன். எப்படித்தான் தெரிஞ்சுதோ."

கால் விரல் விண்விண் என்று தெறித்தது. "நான்தான் சொன்னேன்" என்றேன். "உங்ககிட்ட இன்னும் ரெண்டு இருக்குன்னு நான்தான் அவர்கிட்ட சொன்னேன்."

மனைவியின் முகத்தில் ஈயாடவில்லை. ஓட்டுநர் மட்டும் தலையை ஆட்டினார், அதில் என்ன இருக்கிறது என்பது போல.

"நீங்க சொல்லணும்னுதானே மேடம் உங்ககிட்ட சொன்னேன். ரேம்ப்புக்குன்னு தெரிஞ்சா மனசு இரங்கிக் குறைப்பாருன்னு நினைச்சேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. இந்தத் தொழிலில் அந்த வார்த்தையை நான் வேறு எங்கும் பயன்படுத்தியதில்லை.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பியை ஒரு முறை பார்த்தார், பிறகு என்னை. நான் சொன்னது இரக்கத்துக்காக இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பூந்தொட்டியை மடியிலிருந்து எடுத்து என் கையில் கொடுத்தார்.

"அந்த ஜன்னல்ல வைங்க" என்றார். வைத்தேன். "ரேம்ப் கட்ட எப்படியும் ஒரு வருஷம் ஆகும், இல்லடா?"

"ஆகும் அக்கா."

"அதுவரைக்கும் நான் வெளிய போகணும்னா நாலு பேரு வேணும். இவங்க மூணு பேரும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டு வந்துடுவாங்க." என் பக்கம் கையை நீட்டினார். "உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்க."

பெயர் அட்டையைக் கொடுத்தேன். வீடு விற்க வேண்டுமா, ஒரு அழைப்பு போதும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. அக்கா அதை ஒரு எழுத்து விடாமல் படித்துவிட்டு நாற்காலியின் பக்கப் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அக்காவிடமிருந்து அழைப்பு வந்தது. வீங்கிய கால் செருப்புக்குள் நுழையவில்லை, வெறுங்காலோடு போனேன்.