கருப்புத் தட்டு

ஒட்டுவதற்கு எத்தனையோ சுவர் இருக்க, அந்த நோட்டீஸை என் மோட்டார் ரூம் கதவில்தான் ஒட்டியிருந்தார்கள். நீச்சல் குளத்தோரம் வேலை செய்கிற எல்லோரும் இந்த மாதக் கடைசிக்குள் இருபத்தைந்து மீட்டர் நீந்திக் காட்ட வேண்டும். முடியாதவர்கள் வாசலில் செருப்பு டோக்கன் கொடுக்கும் இடத்துக்கு மாற்றப்படுவார்கள். கற்றுக்கொடுப்பதும், தேறியதாகக் கையெழுத்துப் போடுவதும் மாஸ்டர். அடியில் மேனேஜரின் கிறுக்கல்.

படித்த வேகத்தில் கிழித்தேன். பசை நன்றாகக் காய்ந்திருந்ததால் பாதிதான் கையோடு வந்தது. 'மாஸ்டர்' என்ற சொல் கதவிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டியும் போகவில்லை.

பதினொரு வருஷமாக இந்தக் குளத்துத் தண்ணீர் என் கையால்தான் ஓடுகிறது. இரண்டு மோட்டார், மூன்று மணல் ஃபில்டர், ஒரு குளோரின் டிரம். மோட்டார் லேசாகக் கரகரத்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். குளத்தைக் காலி செய்து கழுவும்போது ஒன்பதடி ஆழத்தில் துடைப்பத்தோடு நடந்திருக்கிறேன். நீந்த மட்டும் தெரியாது. டயருக்குக் காற்றடிக்கிறவனுக்கு பஸ் ஓட்டத் தெரிய வேண்டுமா என்ன? எல்லோரும் என்னை மோட்டாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்த மாதத்திலிருந்து "ஏம்மா, என் செருப்பு எங்க?" என்பார்கள்.

டோக்கன் வேண்டாம் என்றால் மாஸ்டரிடம் போய் நிற்க வேண்டும். அதற்குச் செருப்பே மேல்.

அந்த ஆளை நேரில் 'நீங்க' என்பேன், மனதுக்குள் 'அவன்'தான். போன வருஷம் என் ஒரே மகள் அவன் வகுப்பில் மூழ்கினாள். அப்போது பாப்பாவுக்கு எட்டு வயது. ஊழியர் பிள்ளைகளுக்கு வகுப்பு இலவசம் என்பதால் சேர்த்திருந்தேன். இருபது பிள்ளைகளில் தலை ஒன்று குறைகிறது என்று அவன் கண்டுபிடித்து, மூன்றாவது முங்கலில் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தான். இருமினாள், தண்ணீராகக் கக்கினாள், பிழைத்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த நான் கையில் ஸ்பேனரோடு கரையில் நின்றேன். பெற்றவள் குதிக்கவில்லை. குதித்திருந்தால் இரண்டு பிணம் என்று என் வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். சமாதானம் காதோடு சரி, நெஞ்சுக்குள் இறங்கவில்லை.

விசாரணையில், மாஸ்டர் போன் பேசிக்கொண்டிருந்தார் என்றேன். மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் அவனை வீட்டில் உட்கார வைத்தார்கள். திரும்பி வந்த பிறகு நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பாப்பா அதற்குப் பிறகு தண்ணீரில் கால் வைப்பதில்லை. பள்ளி விட்டு வந்தால் மோட்டார் ரூமில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள், குளத்துப் பக்கம் முதுகைக் காட்டியபடி.

வீட்டில் நோட்டீஸைப் பற்றிச் சொன்னபோது என் வீட்டுக்காரர் யூனிஃபார்மைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிரைவர். எதற்கும் அவசரப்படாத மனுஷன், ரோட்டில் தவிர.

"ஆழம் தெரியாம கால விடாதேன்னு சொல்வாங்க. உனக்குத்தான் ஆழம் அங்குலக் கணக்குல தெரியுமே. போய் விடேன்."

"அந்த ஆள்கிட்டயா? என் பொண்ண தண்ணிக்குள்ள விட்டுட்டு நின்னவன்கிட்டயா?"

"தூக்குனதும் அவர்தானே."

"நீங்க யார் பக்கம்?"

"நான் இஸ்திரிப் பெட்டி பக்கம். சட்ட கருகுது, தள்ளு."

பாப்பா சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்தாள். "மாஸ்டர் கெட்டவர்னு நீதானம்மா சொன்ன. அவர்கிட்ட எப்படிக் கத்துக்குவ?" என்றாள். நான் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவள் வேண்டாம் என்று தட்டை இழுத்துக்கொண்டாள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று உங்களுக்கே இந்நேரம் பட்டிருக்கும். சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குளத்தில் ஒன்பதடி ஆழத்தில் ஒரு கருப்புத் தட்டு கிடக்கும். இரும்புத் தட்டு, கருப்பு பெயின்ட் அடித்தது. தினமும் காலையில் மோட்டார் ஆளும் மாஸ்டரும் கரையில் நின்று பார்க்க வேண்டும். தட்டு தெளிவாகத் தெரிந்தால் இரண்டு பேரும் ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுக் குளத்தைத் திறக்கலாம். தெரியாவிட்டால் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, பூட்டு. அவ்வளவுதான் சட்டம். இதைவிடச் சுலபமான சட்டத்தை நான் பார்த்ததில்லை. அதனால்தான் அதை யாரும் மதிக்கவில்லை போல.

நான் திங்கட்கிழமையே சனிக்கிழமை வரைக்கும் கையெழுத்துப் போட்டுவிடுவேன். காலையில் மோட்டாரைப் பார்ப்பதா, ரெஜிஸ்டரைத் தேடி ஆபீஸுக்கு ஓடுவதா? மாஸ்டர் என் கையெழுத்தைப் பார்த்துத் தன் கையெழுத்தைப் போடுவான். மோட்டாரம்மா பார்த்தால் போதும் என்று அவனுக்கு நினைப்பு, மாஸ்டர் எப்படியும் பார்ப்பான் என்று எனக்கு நினைப்பு. இப்படியே பல வருஷம் ஓடியது. அந்தப் புதன்கிழமை சாயங்காலம் ஃபில்டர் மணலைக் கழுவாமல், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ்ஸைப் பிடித்துவிட்டேன். வியாழக்கிழமை காலையில் தண்ணீர் கஞ்சித் தண்ணீர் மாதிரி இருந்தது. என் மகள் அதற்குள்தான் போனாள்.

அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து மூன்று ஃபில்டரையும் கழுவினேன். மறுநாள் விசாரணைக்கு வந்தவர்கள் கண்ணாடி மாதிரி தண்ணீரைப் பார்த்தார்கள். வெள்ளிக்கும் சனிக்கும் முன்கூட்டியே இருந்த என் கையெழுத்தை மேனேஜர் பார்த்தார். அதன் மேல் வெள்ளை மையைத் தடவி மறைத்தார். தண்ணீர் குற்றம் என்றால் அவர் தலை உருளும், மாஸ்டர் குற்றம் என்றால் மாஸ்டர் தலையோடு போகும். போனில் பேசினான் என்பது நான் சொன்ன பொய். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு குறுகுறுக்கவில்லை, அவனைப் பார்த்து உறுமியது.

மாதம் முடியப் பதினெட்டு நாள் இருந்தபோது அவனிடம் போனேன். வேறு வழியில்லை. கரையில் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான், நிமிரவில்லை.

"எனக்குக் கத்துக்கணும்," என்றேன்.

"எனக்குக் கத்துக்கொடுக்கணும்னு இல்ல."

"நோட்டீஸ் போட்டிருக்காங்க."

"படிச்சேன். பாதிய யாரோ கிழிச்சிருந்தாங்க."

"முடியும், முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. உங்க வாயப் பாத்துட்டு நிக்க எனக்கு நேரமில்ல."

"காலையில அஞ்சரைக்கு வாங்க. ஒரு நிமிஷம் லேட்டானாலும் கதவச் சாத்திடுவேன்." கயிறு முடிந்துவிட்டது, ஆனாலும் சுற்றிக்கொண்டிருந்தான். "தண்ணிக்குள்ள நான் சொல்றதத்தான் கேக்கணும். உங்க மோட்டார் ரூம் ராஜ்யம் இங்க செல்லாது."

பதிலுக்கு நாலு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மாதக் கடைசியை நினைத்து விழுங்கினேன்.

மறுநாள் என் வீட்டுக்காரருக்கு முதல் பஸ். பாப்பாவைத் தனியாக விட முடியாமல் கூடவே கூட்டி வந்தேன். சுவரோரம் இருந்த பெஞ்சில், குளத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ஐந்தரை. விடிந்தும் விடியாத வெளிச்சம், மேலே குழல்விளக்குகள். வாடகை நீச்சல் உடையில் நான் எப்படி இருந்தேன் என்று சொல்ல மாட்டேன். மாஸ்டர் தலை ஈரமாக நின்றான். அவனுக்கு முன்னால் ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு துண்டு, துண்டின் மேல் ரெஜிஸ்டர்.

"சட்டப்படி மொதல்ல தட்டு. தெரியுதா?" என்றான்.

ஆழத்துப் பக்கம் திரும்பினேன். தண்ணீர் குளிருமா, உடை கிழியுமா, இவன் சிரிப்பானா என்று எனக்கு ஆயிரம் கவலை. தட்டு இருக்கிற இடத்தில் கருப்பாக இருந்தது.

"தெரியுது."

"நல்லா பாத்தீங்களா?"

"பதினொரு வருஷமா பாக்குறேன். எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"போடுங்க கையெழுத்து."

போட்டேன். அழுத்தமாகவே போட்டேன். அவனும் பக்கத்துக் கட்டத்தில் போடுவான் என்று பேனாவை நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ரெஜிஸ்டரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுத் துண்டைத் தூக்கினான்.

நாற்காலியில் தட்டு இருந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட.

காது இரண்டும் சுட்டன. "இது என்ன கேவலமான வேல? கத்துக்க வந்தவள அவமானப்படுத்தத்தான் அஞ்சரைக்கு வரச் சொன்னீங்களா?"

"ஆமா," என்றான் கூசாமல். "மூணு மாசம் வீட்ல உக்காந்து இத ஒண்ணத்தான் யோசிச்சேன். அன்னைக்கு நான் என்ன பாத்தேன்னு. தட்டப் பாக்கல. உங்க கையெழுத்தப் பாத்தேன். அதுக்கு எனக்குத் தண்டன கெடச்சது சரிதான், அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா போன் பேசினேன்னு சொன்னீங்க பாருங்க. அந்த வாரம் என் போன் ரிப்பேர் கடையில கெடந்துச்சு."

"அத அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னேன். மேனேஜர் எழுதிக்கல. உங்களுக்கும் தெரியும், எழுதிக்கலன்னு."

தெரியும். அந்த அறையில் நானும்தான் இருந்தேன். இவனை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, அதே கையால் என்னை அறைந்துகொள்ள வேண்டும் போலவும் இருந்தது. பேசாமல் வாசலுக்குப் போய் டோக்கன் கொடுத்துப் பிழைக்கலாம். செருப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கப் போவதில்லை.

என் துண்டை எடுக்கத் திரும்பினேன். பாப்பா பெஞ்சில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கவில்லை. எங்களைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அம்மா, மாஸ்டர் போன் பேசலையா?"

ஒரு வருஷமாக ஊரை ஏமாற்றியவளுக்கு ஒன்பது வயதுப் பெண்ணை ஏமாற்ற ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

"பேசல. அம்மா பொய் சொன்னேன்." கையிலிருந்த ரெஜிஸ்டரை மூடினேன். "தண்ணி கலங்கலா இருந்துச்சு பாப்பா. அத நான்தான் சுத்தம் பண்ணியிருக்கணும், பண்ணல. கீழ தட்டு தெரியுதான்னு பாத்துத்தான் கையெழுத்துப் போடணும். பாக்காமயே போட்டேன்."

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தட்டைத் தொட்டுப் பார்த்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. தொலைந்த பென்சிலைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னாள்.

"நான் பாத்தேம்மா. கீழ கிடந்தப்ப என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. அப்புறம் உன்னத் தேடி மேல பாத்தேன். நீ தெரியல. எல்லாம் வெள்ளையா இருந்துச்சு."

மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. அவன் அதட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. அந்த மட்டுக்கும் நல்லது, சொல்லியிருந்தால் கடித்திருப்பேன்.

எழுந்ததும் ரெஜிஸ்டரில் என் கையெழுத்தைக் குறுக்கே அடித்தேன். "இன்னைக்கு மேனேஜர் வந்ததும் அந்த மூணு மாசத்தப் பத்திச் சொல்லப் போறேன். டோக்கன் குடுக்கச் சொன்னாலும் சரி, வீட்டுக்குப் போகச் சொன்னாலும் சரி," என்றேன்.

"சொல்லும்போது நானும் கூட நிப்பேன். உங்களுக்காக இல்ல, அவர் இந்தத் தடவையாவது எழுதிக்கிறாரான்னு பாக்க."

"உங்கள யாரு கூப்பிட்டா?"

"இருபத்தஞ்சு மீட்டர் இன்னும் பாக்கி இருக்கு. அத மொதல்ல பாருங்க," என்று சொல்லித் தட்டை எடுத்து ஆழத்தில் போட்டான்.

தண்ணீர் அடங்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம். பாப்பா கரைக்கு வந்தாள், ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. குப்புறப் படுத்து, விளிம்பை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"தெரியுதும்மா," என்றாள்.

அவள் சொன்ன பிறகும் நான் அவள் பக்கத்தில் குப்புறப் படுத்து, என் கண்ணால் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுத்தேன்.