கீரிமலையில் எடுத்த காட்சி

“ஒருக்காத் திரும்பச் செய்வமே மச்சான்? அலைச்சத்தம் கூடிப்போச்சு” என்றான் சுரேஸ்.

கீரிமலைக் கடற்கரையில் ஈர வேட்டியோடு மயூரதன் மறுபடி உட்கார்ந்தான். ஆடி அமாவாசைக் கூட்டம் நெரித்தது. ஐயரும் சளைக்கவில்லை. கமரா இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, “தகப்பன்ரை பேர்?” என்றார், முதன்முறை கேட்பவர் போல.

“கேதீஸ்வரன்.”

இந்த முறை குரல் அழகாகத் தழுதழுத்தது. எள்ளும் தண்ணீரும் விரலிடுக்கால் வழிந்தன.

கேதீஸ்வரன் செத்துவிட்டார் என்று யாரும் சொன்னதில்லை. மயூரதன் பள்ளிக்கூடம் போன காலத்தில், இராணுவச் சோதனைச்சாவடியில் பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டவர். அவ்வளவுதான் தெரியும். அவருக்கு எள்ளுத் தண்ணீர் விடவே கூடாது என்று தாய் குணலட்சுமி ஒரே பிடியாக நின்றாள்.

“சொந்த வீட்டு வலியைச் சொன்னால்தான் ஊரின் வலி விளங்கும்” என்று பேட்டிகளில் சொல்பவன் மயூரதன். அப்படி எடுத்த இரண்டு ஆவணப்படங்கள் பரிசும் வாங்கின. மூன்றாவது அப்பாவைப் பற்றியது. முடிவுக்கு ஒரு காட்சி இல்லையே என்று, வெளிநாட்டிலிருந்து வந்த தயாரிப்பாளன் சுரேஸ்தான் நச்சரித்தான். “சும்மா நடிப்புத்தானே? அன்ரிக்குப் பிறகு சொல்லுவம்.”

இருவரும் உடுவில் வீட்டுக்கு வந்தபோது முற்றம்வரை மீன்குழம்பு மணத்தது. தகப்பனை இழந்தவர்கள் விரதமிருக்கும் அந்த நாளில், வேண்டுமென்றே மீன் காய்ச்சுவது குணலட்சுமியின் வழக்கம். தன் புருசன் உயிரோடிருக்கிறார் என்று அயலுக்குச் சொல்ல அவள் கண்ட வழி அது.

சோறு போட்டுக்கொண்டிருந்தவள் மகனின் மணிக்கட்டில் ஒட்டியிருந்த எள்ளைக் கண்டாள்.

“உது என்ன?”

“படத்துக்கு அம்மா... சும்மா...”

“ஆரின்ரை பேரைச் சொன்னனீ?”

அவன் குனிந்தான். அவள் அவனுடைய சோற்றுக் கோப்பையை இழுத்து, மீனைச் சட்டிக்குள் திரும்பக் கொட்டினாள்.

“தேப்பன் செத்த பிள்ளை இண்டைக்கு மச்சம் தின்னக்கூடாது. எனக்கு அவர் இருக்கிறார். நான் தின்னுவன்.”

அந்த நேரத்திலும், யன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் நன்றாக விழுகிறதே என்று ஓடியது மயூரதனின் புத்தி. தூ!

பின்னால் சுரேஸ் கமராவைத் தூக்கிவிட்டிருந்தான். “அன்ரி, அதை ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. தொடக்கம் படத்திலை விழேல்லை.”

மயூரதன் பாய்ந்து கமராவின் கண்ணைப் பொத்தினான். “நிப்பாட்டடா! நீயெல்லாம் மனுசனே?”

“என்னிலை பாயாதை மச்சான். வீட்டுக் கதையைத்தான் எடுப்பன் எண்டது நீ.”

குணலட்சுமி நிமிரவில்லை. தன் மீனின் முள்ளை விலக்கி ஒரு வாய் வைத்தாள்.

“சண்டையெண்டால் ரெண்டு பேரும் வெளியிலை போங்கோ. அவர் வாற வீடு இது.”