இல்லாத காலின் நாடி

கிளீட்டஸ் தன் செயற்கைக் காலைக் கழற்றி டாக்டர் செல்வதாஸின் மேசைமேல் வைத்தார். செருப்போடுதான்.

"நாடி பாத்துச் சொல்லுங்க சாரே."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "என்ன ஓய் இது?"

"ஒங்க தாளுதான் சொல்லுகு, ரெண்டு பாதத்துலயும் நாடி நல்லா ஓடுகுன்னு. எனக்கு ஒண்ணும் கேக்கல்ல. ஒங்களுக்குக் கேக்கான்னு பாருங்க."

போன மாதம் காய்ச்சலுக்காகத் தக்கலையில் இதே ஆஸ்பத்திரியில் மூன்று நாள் கிடந்தார் கிளீட்டஸ். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் 'இரு பாதங்களிலும் நாடி நன்று, நடையில் குறையில்லை' என்றிருந்தது. அவருடைய இடது கால், விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சில் சிக்கிப் போய்ப் பதினோரு வருஷமாகிறது.

செல்வதாஸ் கெட்ட டாக்டரில்லை, கூட்டமுள்ள டாக்டர். கம்ப்யூட்டரில் குறையே இல்லாத ஓர் உடம்பைத் தட்டி வைத்திருந்தார். யார் வந்தாலும் அந்த உடம்பை எடுத்து ஒட்டிவிடுவார். பண்டிகைச் சந்தையில் விற்கும் சட்டை மாதிரி, ஊருக்கெல்லாம் ஒரே அளவு.

பழைய செயற்கைக் கால் விண்டுபோய், மிச்சமிருந்த காலை அறுத்தது. புதிய கால் கொடுக்கும் முகாம் வெள்ளிக்கிழமை. அதற்குப் பெயர் பதியும் ஆபீசில் கிளீட்டஸ் கட்டுக் காகிதத்தோடு இந்தத் தாளையும் சேர்த்துக் கொடுத்திருந்தார். அங்கிருந்த அலுவலர், "அண்ணாச்சி, எனக்குக் கண்ணு தெரியுது. ஆனா தாளுல ஒங்களுக்கு ரெண்டு காலு இருக்கே. திருத்திக் கொண்டு வாங்க" என்று திருப்பிவிட்டார். இன்று புதன்.

"வேற இடத்துல ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கிடும்" என்றார் டாக்டர்.

"அது அஞ்சு கெடக்கு. அஞ்சுக்கும் எதிர்சாட்சி சொல்லுகது ஒங்க தாளு ஒண்ணுதான்."

டாக்டர் மணியடித்து ஜினிஷாவைக் கூப்பிட்டார். நோயாளிகளின் பதிவேடுகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய 'கோடு' என்கிற குறியீட்டு எண்ணைப் போடுவது அவள் வேலை. பதிவேட்டில் இடிக்கும் இடங்களைக் கேட்டு மூன்று வருஷமாக டாக்டரின் அறைக்குக் கேள்விச்சீட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒன்றுக்கும் பதில் வந்ததில்லை. மேசையில் காலைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த ஒளியை மறைக்க ஃபைலால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீயே ஒரு எண்ணைப் போட்டு விடேன், ஜினிஷா."

"நீங்க எழுதாததை நான் போட்டா அது கள்ளக்கோடு, சார். நீங்கதான் பழைய வரியைப் பேனாவால ஒரு கீறு கீறி அடிச்சி, பக்கத்துல சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போடணும்."

"அடுத்த வாரம் இன்ஸ்பெக்ஷன். என் ஃபைல்ல அடித்தல் திருத்தலா?"

"அடிச்சித் திருத்துனா மதிப்பு, சார். மறைச்சாத்தான் கேடு."

டாக்டர் பெருமூச்சு விட்டார். வியாபாரம் தொடங்கிவிட்டது.

"சரி. 'நடையில் சற்று சிரமம்'னு போடுகேன்."

"சற்றா?" கிளீட்டஸ் மேசைமேல் கிடந்த தன் காலைத் தட்டினார். டொக் டொக் என்றது. "மலிஞ்ச சாளையைக் காட்டி வெலகூடுன நெய்மீனுன்னு வித்தவனைப் பாத்திருக்கேன். நீங்க நெய்மீனைக் காட்டிச் சாளைங்கீங்க."

"'காலில் ஊனம்'. போதுமா?"

"எந்தக் கால், சார்?" என்றாள் ஜினிஷா.

"இடது."

"முட்டுக்கு மேலயா, கீழயா?"

"அவரு இங்கதானே இருக்காரு, பாத்தாத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கோடுக்குத் தெரியாதே. ஊனம்னா சுளுக்கும் ஊனம்தான்."

"கீழ!" என்றார் டாக்டர், விலை இறங்காத கடையில் பர்ஸைத் திறப்பவர்போல.

"எப்படிப் போச்சு, எப்பப் போச்சு?"

கிளீட்டஸ் சொன்னார். டாக்டர் எழுதினார். பழைய வரிமேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் புது வரி, கையெழுத்து, தேதி. ஜினிஷா முத்திரை குத்திய நகலை நீட்டினாள். கிளீட்டஸ் ஒவ்வொரு எழுத்தாக வாசித்து, மடித்து, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானும் மாட்டினார். வெள்ளிக்கிழமை பிழைத்தது.

ஆனால் காலை எடுத்து மாட்டவில்லை. பேரம் முடிந்தபின் கொசுறு கேட்காமல் எழுந்துபோகிறவனை எங்கள் பக்கத்தில் யாரும் நம்பமாட்டார்கள்.

"இன்னும் என்ன ஓய்?"

"அடுத்த வரியில 'நெஞ்சு சுத்தம்'னு கெடக்கு. கொழல் வச்சிப் பாத்ததா எனக்கு ஓர்மையில்ல. எழுதுனதைச் செஞ்சு தந்திருங்க, போயிருகேன்."

ஜினிஷா ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தாள்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டினார். "மூச்சை இழும்." முதுகில் ஓரிடத்தில் வைத்தார். நகர்த்தினார். திரும்பப் பழைய இடத்துக்கே வந்தார். முகத்திலிருந்த எரிச்சல் மெல்லப் போய் வேறொன்று வந்தது.

"ஒரு நாளைக்குப் பீடி எத்தனை?"

கிளீட்டஸ் மின்விசிறியைப் பார்த்தார். "எண்ணுனதில்ல, சாரே."

யாரும் கேட்காமலே டாக்டர் பேனாவைத் திறந்தார். 'நெஞ்சு சுத்தம்' மேல் ஒற்றைக் கோடு விழுந்தது. பக்கத்தில் எழுதிக்கொண்டே சொன்னார்: "வலப்பக்கம், கீழ்ப்பகுதியில இரைச்சல். இண்ணைக்கே எக்ஸ்ரே, ஜினிஷா."

"ஐயோ, அதை விட்டிருங்க சாரே!" கிளீட்டஸ் அவர் கையைப் பிடித்தார். "அந்த ஒரு வரி நல்லாத்தானே எழுதியிருந்தீங்க!"