கழுத்தில் வெறுங்கை

மருத்துவப் பரிசோதனை வரிசையில் அய்சிரெக்குக்கு முன்னால் இன்னும் மூன்று பேர்தான். அவளுக்குக் கழுத்து எரிந்தது. பிஷ்கெக் விளையாட்டரங்கின் நீண்ட கூடத்தில், மேசைக்குப் பின்னால் கையுறை மாட்டிக்கொண்டு டாக்டர் சபிரா உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எரிச்சல் இரட்டிப்பானது. போன வருஷம் ஓஷ் நகரத்துப் போட்டியில் இவளுடைய கழுத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "படர்தாமரை, மத்தவங்களுக்கு ஒட்டும்" என்று வெளியே அனுப்பிய அதே டாக்டர். இன்றைய தேர்வுப் போட்டியிலிருந்தும் அனுப்பிவிட்டால் ஆசிய மல்யுத்தப் போட்டிக்கான குழுவில் அவளுக்கு இடமில்லை.

அது படர்தாமரையே இல்லை. கோடையில் மலைமேய்ச்சலில் இருக்கும்போது அந்தக் கழுத்தில் ஒரு புள்ளிகூட இருக்காது. போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் சிவந்து வெடிக்கும். ஓஷிலிருந்து திரும்பியபின், சொந்த ஊரான நாரினில் தோல் டாக்டர் விளக்கியிருந்தார்: பயந்தால் உடம்பில் ஒரு சுரப்பு ஊறும். கொஞ்ச நேரம் ஊறினால் பலம். நாள்கணக்கில் ஊறினால், தோல் தனக்கு வேண்டிய கொழுப்பைச் சரியாகச் செய்துகொள்ளாது. மண்சுவரில் பூச்சு உதிர்ந்த மாதிரிதான். உள்ளேயிருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியேயிருக்கும் அழுக்கு உள்ளே வரும். இது கரப்பான் என்ற தோல் நோய், யாருக்கும் ஒட்டாது என்று கடிதமும் கொடுத்தார். அதைப் பயிற்சியாளர் ஜோல்தோஷ் வாங்கி வைத்துக்கொண்டார். போட்டிக்கு முன் நோயின் பேரை எடுத்தால் கண் பட்டுவிடுமாம்.

போதாக்குறைக்குக் கூடவே வந்திருந்த அம்மா வேறு. காலையில் ஆட்டு வால் கொழுப்பை உருக்கிக் கழுத்தில் தடவிவிட்டாள். எரிச்சல் அடங்கியது உண்மைதான். ஆனால் உடம்பில் எண்ணெய்ப் பசை இருந்தால் மல்யுத்தத்துக்கு விடமாட்டார்கள் என்பது அந்தப் புண்ணியவதிக்குத் தெரியாது. மோப்பம் பிடித்த ஜோல்தோஷ், குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுத் தேய்க்க வைத்தார். இருந்த கொஞ்சநஞ்சப் பூச்சும் போய்க் கழுத்து பீட்ரூட் நிறத்துக்கு வந்துவிட்டது.

"அடுத்தது."

டாக்டர் காலரை விலக்கினார். பின்னால் நின்ற பெண் இரண்டடி தள்ளிப் போனாள்.

"மறுபடியும் நீயா? இது இன்னும் போகலையா?"

"ஒட்டாது அக்கா. கரப்பான்."

"யாரு சொன்னது? காகிதம் எங்க?"

அய்சிரெக் திரும்பிப் பார்த்தாள். ஜோல்தோஷ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல இருக்கும்," என்றார்.

"நாரின்லயா? நல்லாயிருக்கு. எடை பார்க்கிறதை இன்னும் பத்து நிமிஷத்துல மூடிடுவாங்க." டாக்டர் பேனாவை எடுத்தார்.

அய்சிரெக்குக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு கேளுங்க அக்கா. எதிராளிகிட்ட எனக்கு பயமில்ல. போன வருஷத்துலேர்ந்து இந்த மேசைகிட்டதான் பயம். நீங்க பார்ப்பீங்களேன்னு பயந்து பயந்தே வருது. வந்ததைப் பார்த்து நீங்க வெளிய அனுப்பறீங்க. நான் எங்கதான் போறது?"

டாக்டரின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றது.

அப்போது ஜோல்தோஷ் தன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றினார். நாலு பேர் எதிரில் அதைக் கழற்றுகிற மனிதர் அல்ல அவர். அதன் மடிப்பிலிருந்து வியர்வையில் நைந்த காகிதம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இந்தா தங்கச்சி. கண் பட்டுடும்னு ஒளிச்சு வச்சிருந்தேன். புத்தி கெட்டுப்போச்சு."

"இவ்வளவு நேரம் இந்தப் பொண்ணைத் துடிக்க விட்டுட்டு, தொப்பிக்குள்ள வச்சிருந்தீங்களாக்கும்," என்றார் டாக்டர்.

தேதி, முத்திரை, கையெழுத்து என்று இரண்டு முறை படித்தார். லென்ஸை வைத்துக் கழுத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு வலது கையுறையைக் கழற்றிவிட்டு, வரிசை முழுக்கப் பார்க்க, வெறுங்கையை அந்தச் சிவப்பின் மேல் மெதுவாக வைத்தார்.

"போன வருஷம் இதைப் படர்தாமரைன்னு யாரு சொன்னது?"

"நீங்கதான் அக்கா."

டாக்டர் கையை எடுக்கவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன்," என்றார், கடைசியில் நின்றவளுக்கும் கேட்கும்படி. "போ, எடைமேடைல ஏறு."

பின்னால் நின்ற பெண் இரண்டடி முன்னால் வந்து நின்றாள்.