மாவுப் பானைக்குள் விளக்குக் கண்ணாடி

ஒபியேரோவுக்கு மாதத்தில் பத்து நாள்தான் மனுஷ முகம் என்பாள் அசெம்போ ஊரில் பிறந்த அவன் மனைவி அப்போந்தி. நிலா பெருத்திருக்கும் அந்தப் பத்து நாளும் ஏரியில் வேலை கிடையாது. விளக்கைத் தேடி வரும் ஓமெனாப் பொடிமீன், வானமே வெளிச்சமாக இருந்தால் படகுப் பக்கம் எட்டிப் பார்க்காது. அப்போது அவன் நன்றாகத் தூங்குவான், கோழியிடம்கூடப் பேச்சுக் கொடுப்பான். நிலா தேய்ந்துவிட்டாலோ ராத்திரி முழுக்க வலை, பகல் முழுக்க எரிச்சல். எல்லாம் நிலா செய்யும் வேலை என்றது ஊர். தூக்கம் செய்யும் வேலை என்று அப்போந்திக்குத் தெரியும்.

போன வருஷம் இப்படியொரு இருட்டு நாளில்தான் மகள் அக்கேயோவைப் பெண் கேட்டு வந்தார்கள். "என் நாற்காலியத் தேய்ச்சது போதும், எந்திரிச்சுப் போங்க" என்று விரட்டிவிட்டான். பெண் மூன்று நாள் சாப்பிடவில்லை.

அதே பையன் வீட்டார் மறுபடி வருகிறார்கள். மேட்டு நிலத்து விவசாயிகள். காலண்டரைப் பார்த்துச் சனிக்கிழமை என்று சொல்லியனுப்பினார்களே தவிர நிலாவைப் பார்க்கவில்லை. சரியாக அமாவாசை. இந்த முறையும் விரட்டினால் இன்னொரு முறை வரமாட்டார்கள்.

வெள்ளி மத்தியானம் அப்போந்தி படகு விளக்கின் கண்ணாடியைக் கழற்றி மாவுப் பானைக்குள் புதைத்தாள்.

"கண்ணாடிய எங்கடி வச்ச?"

"நான் எதுக்கு அதத் தொடுறேன்?"

சாயங்காலம் வீட்டையே புரட்டிப் போட்டான். பூனையைத் திட்டினான், பூனை வளர்க்கும் பக்கத்து வீட்டுக்காரனையும் திட்டினான். கண்ணாடி இல்லாத விளக்கு ஏரிக்காற்றில் நிற்காது. எல்லாப் படகும் ஏரிக்குக் கிளம்பும் இந்த நாளில் யார் இரவல் தருவார்கள்? முணுமுணுத்துக்கொண்டே படுத்தான். விடியும்வரை குறட்டை. அப்போந்திதான் பயத்தில் புரண்டுகொண்டிருந்தாள்.

மறுநாள் விருந்தாளிகளை ஒபியேரோவே எதிர்கொண்டு அழைத்துவந்தான். அன்று விரட்டிய பெரியவரை நல்ல நாற்காலியில் உட்காரவைத்தான். "தூக்கம் இல்லாதப்ப நான் ஒரு காட்டெருமைங்க. மனசுல வச்சுக்காதீங்க." பெரியவர் வயிறு குலுங்கச் சிரித்தார். பேச்சு நல்லபடியாக முடிந்தது. அக்கேயோ இரண்டு தட்டு உகாலிக் களி சாப்பிட்டாள். அப்போந்திக்கு உயிர் வந்தது.

அவர்கள் போனதும் அவள் மெல்ல அடுக்களைக்குள் போய்ப் பானைக்குள் கையை விட்டாள்.

"நல்லாத் தொடச்சு எடு, அசெம்போக்காரி. மாவு ஒட்டியிருக்கும்" என்றது பின்னாலிருந்து அவன் குரல்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பப் பாத்தீங்க?"

"தேட ஆரம்பிச்ச உடனேயே."

"பெறகு எதுக்கு அவ்ளோ கூப்பாடு? பாவம், அந்தப் பூனை!"

"பேசாமப் படுத்திருந்தா உனக்குச் சந்தேகம் வந்திருக்காதா?" துணியை எடுத்து நீட்டினான். "போன தடவ அவ மூணு நாள் சாப்பிடல. அந்த மூணு நாளும் எனக்கும் எறங்கலடி."